புது வண்டி, தனி ஆள், ஏப்ரல் மாத ஐரோப்பா

வராது, தம்பி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

நீங்கள் எழுதியிருந்தது இதுதான். காரைக்குடியிலிருந்து போய் ஸ்டுட்கார்ட்டில் வேலை. போன அக்டோபரில் ஜெர்மன் ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. மார்ச் நடுவில் புது பெட்ரோல் கார் கைக்கு வருகிறது. ஏப்ரல் 10 தொடங்கி மூன்று வாரம் விடுப்பு. தனியாகவே ஓட்டிக்கொண்டு ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், பார்சிலோனா, ரோம், வெனிஸ், வியன்னா, பிராக் என்று ஒரு வட்டம் அடித்துத் திரும்ப வேண்டும். நடுவில் ஸ்டெல்வியோ கணவாய், புரோவான்ஸ் லாவெண்டர் வயல். "சரியா வருமாண்ணே?" என்று முடித்திருந்தீர்கள்.

உல்ம் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் இயந்திரத் தொழிற்சாலையில் இருந்தவன் நான். இப்போது பள்ளத்தூரில் ஐயா கட்டிய வீட்டுக்கு ஓடு மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அங்கே இருந்தபோது பாதி வசந்தங்களில் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவேன். அந்தப் பழக்கத்தில்தான் இவ்வளவு உரிமையாகப் பேசுகிறேன்.

உங்கள் வட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஆம்ஸ்டர்டாம் 620 கி.மீ., அங்கிருந்து பாரிஸ் 500, பாரிஸ்–பார்சிலோனா ஆயிரத்துக்கு மேல், பார்சிலோனா–ரோம் 1,350. அப்புறம் வெனிஸ், வியன்னா, பிராக், திரும்ப வீடு. எல்லாம் சேர்ந்து 5,500 கி.மீ. பக்கம் வருகிறது. காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் பதின்மூன்று தடவை போன கணக்கு. சாலை நன்றாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பார்க்கப்போவது சாலையைத்தான். அதுவும் நெடுஞ்சாலையில் எல்லா நாடும் ஒன்றுபோலவே இருக்கும்: ஒலித்தடுப்புச் சுவர், லாரி வரிசை, பெட்ரோல் பங்க், காசு போட்டால் திறக்கும் கழிப்பறை.

நம் நகரத்தார் பழனிக்குக் காவடியோடு நடக்கிறார்களே, அதைக் கவனித்திருப்பீர்கள். எத்தனை தெம்பு இருந்தாலும் முதல் நாளே இரண்டு நாள் தூரத்தை யாரும் நடப்பதில்லை. தங்கும் இடம் முதலில், நடை அதற்கு அப்புறம். நீங்கள் தூரத்தை முதலில் வைத்துவிட்டு, தங்கல்களை அதற்குள் திணித்திருக்கிறீர்கள்.

இன்னொரு சிக்கல் உயரம். நம்ம பக்கம் சித்திரை வந்தால் தேவகோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் ஒரே வெயில்தான். அங்கே ஏப்ரல் என்பது ஒரு பருவம் கிடையாது. கோமோ ஏரிக்கரையில் அசேலியா பூத்திருக்கும் அதே வாரத்தில், அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடக்கூடிய மலையில் ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கும். ஸ்டெல்வியோவின் உயரம் 2,757 மீட்டர். மே கடைசியிலோ ஜூனிலோதான் திறப்பார்கள். கிராஸ்கிளாக்னர் மலைச்சாலை மே தொடக்கத்துக்கு முன் பெரும்பாலும் திறக்காது. ஃபுர்கா, கிரிம்செல், கோட்ஹார்ட் கணவாய்ச் சாலையும் அப்படித்தான். லாவெண்டர் ஜூன் கடைசி, ஜூலைக்கு உரிய பூ. ஏப்ரலில் புரோவான்ஸ் போனால் சாம்பல் நிறத்தில் புதர் வரிசை வரிசையாக நிற்கும், அவ்வளவுதான். இணையத்தில் படம் போடுகிறவர்கள் மாதத்தைப் போடுவதில்லை.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். வசந்தம் தெற்கிலிருந்து வடக்கே வரும், பள்ளத்தாக்கிலிருந்து மலைக்கு ஏறும். நீங்கள் ஒரே மூச்சில் ஆல்ப்ஸைத் தாண்டித் தெற்கே இறங்கிவிடுங்கள். அங்கே மெதுவாக இருங்கள். பிறகு பூவோடு பூவாக மேலே ஏறி வாருங்கள். சுமார் 2,500 கி.மீ., மூன்றே மூன்று வெளிநாடு. இதற்கே மூன்று வாரம் சரியாக இருக்கும்.

வழி இப்படி. முதல் நாள் போடன்ஸே ஏரிக்கரையில் லிண்டாவ் வரைக்கும் போதும், 200 கி.மீ.கூட இல்லை. மறுநாள் பிரெகென்ஸ் வழியாக ஆஸ்திரியாவின் மூலையைத் தொட்டு சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்து, கூர் தாண்டி சான் பெர்னார்டினோ சுரங்கம். ஆறரை கி.மீ. நீளம், வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். வடக்கு வாயிலில் பனிக்குள் நுழைந்து தெற்கு வாயிலில் வெளிச்சத்தில் வெளியே வரும் அந்தச் சில நிமிஷத்துக்காகவே அந்த வழியில் போகலாம். கோட்ஹார்ட் சுரங்கம் பதினேழு கி.மீ., 1980இல் திறந்தது. ஈஸ்டர் சமயத்தில் அதன் வாயிலில் பத்து கி.மீ.க்கு மேல் வண்டி நிற்கும். ஈஸ்டர் 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. எந்த வருஷம் போனாலும் அந்த வாரத்தின் வெள்ளியிலும் திங்களிலும் ஆல்ப்ஸைக் கடக்காதீர்கள்.

கோமோவில் இரண்டு மூன்று இரவு. திரெமெத்சோவில் வில்லா கார்லொட்டா தோட்டம் அந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். ஏரிக்கரைச் சாலை ஒரு வண்டியும் கால் வண்டியும் போகிற அகலம். புதுக் காரின் கண்ணாடியை மடக்கிக்கொண்டு பேருந்துக்கு வழி விடப் பழகுவீர்கள். காரைச் சாத்திவிட்டுப் படகில் சுற்றுவது நிம்மதி.

அங்கிருந்து கீழே கரராவுக்கு. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், ஏனென்றால் ஐரோப்பா போகிற செட்டிநாட்டுப் பிள்ளைகள் பைசா கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரிப் படம் எடுத்துக்கொண்டு, அறுபது கி.மீ.க்குள் இருக்கும் இந்த ஊரை விட்டுவிடுகிறார்கள். நம்ம வளவு வீடுகளில் "இத்தாலி மார்பிள்" என்று காலணியைக் கழற்றிவிட்டு நடக்கிறோமே, இத்தாலி மார்பிள் என்றாலே உலகம் முழுக்க முதலில் நினைவுக்கு வருவது இந்த மலைதான். கடற்கரையோரம் வரும்போது வலது பக்கம் கடல், இடது பக்கம் வெள்ளை வெளேரென்று மலை. புதிதாகப் பார்ப்பவர்கள் பனி என்று நினைப்பார்கள். பனியில்லை, இரண்டாயிரம் வருஷமாக வெட்டி எடுத்த கல்லின் காயம். மைக்கேலாஞ்சலோ இங்கே நேரில் வந்து கல் பார்த்திருக்கிறார். 1504இல் முடித்த தாவீது சிலை இந்தக் கல்தான். ஃபான்திஸ்கிரித்தி குவாரிக்கு ஏறுங்கள். பழைய மார்பிள் ரயில் ஓடிய வாரா பாலங்கள் வழியில் இருக்கின்றன. கல் ஏற்றிய லாரி எதிரே வந்தால் ஒதுங்கி நில்லுங்கள், அவர்கள் நிற்கமாட்டார்கள். முதல் தடவை நான் போனபோது ஒரு கைப்பிடிச் சில்லு எடுத்து வந்தேன். பள்ளத்தூர் முகப்புத் தரையோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். நரம்பு ஓட்டம் ஒத்துத்தான் இருந்தது. ஒத்திருக்க வேண்டும் என்ற ஆசையாகவும் இருக்கலாம்.

அப்புறம் டஸ்கனி மாநிலத்து லூக்கா, சியெனா, வால் தோர்ச்சா. இங்கே ஒரு வாரம். விவசாயிகள் தங்கள் பண்ணையிலேயே அறை கொடுப்பார்கள், அக்ரிதுரிஸ்மோ என்று பலகை இருக்கும். வண்டி நிறுத்தக் காசும் இல்லை, கவலையும் இல்லை. ஏப்ரல் கடைசியில் கோதுமைப் பயிர் பச்சையாக அலையடிக்கும். மே மாதம் பாப்பிப் பூ சிவக்கும்; கொஞ்சம் முன்னதாகவே சிவந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ரோமை விடுங்கள். ரோமுக்கு விமானத்தில் போய் நடந்து பார்க்க வேண்டும், கார் அங்கே சுமை.

திரும்பும்போது பொலோனியா, வெரோனா வழியாக அடிஜே ஆற்றைப் பிடித்து மேலே. மெரானோ பக்கம் ஆப்பிள் தோட்டம் கண்ணுக்கு எட்டின மட்டும். அடிவாரத்தில் பூ ஏப்ரல் நடுவிலேயே முடியத் தொடங்கும். நீங்கள் போகும் 25ஆம் தேதி வாக்கில், மேலே லாஸ், மால்ஸ் பக்கத்தில் பூத்திருக்கும். உறைபனி இரவுகளில் விவசாயிகள் பூவின்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது வெளிவிடும் வெப்பம் பூவைக் காப்பாற்றும். விடியற்காலை போனால் மரமே கண்ணாடிக்குள் அடைத்த மாதிரி நிற்கும். அந்த ஒரு காட்சிக்காக ஒரு தடவை ஐந்து மணிக்கு எழுந்தேன். வாழ்க்கையில் நானாக ஐந்து மணிக்கு எழுந்தது அது ஒன்றுதான்.

அதற்கு மேலே ரெஷென் கணவாய், 1,500 மீட்டர், குளிர்காலத்திலும் திறந்திருப்பது. ஏரிக்குள் ஒரு பழைய மாதா கோயில் மணிக்கூண்டு மட்டும் நிற்கும். 1950இல் அணை கட்டி கிரௌன் கிராமத்தை மூழ்கடித்தார்கள், மிஞ்சியது அது. எல்லாப் படத்திலும் நீலத் தண்ணீருக்கு நடுவே இருக்கும். வசந்தத்தில் நீர்மட்டம் இறங்கி, கோடைக்கால நம்மூர் ஊருணி மாதிரி சேறு தெரியக் கிடக்கும். ஏமாந்துபோகாதீர்கள். எனக்கு என்னவோ அந்தச் சேற்றுக் கோலத்தில்தான் அங்கே ஓர் ஊர் இருந்தது நெஞ்சில் பட்டது. அங்கிருந்து லாண்டெக், ஃபெர்ன் கணவாய், ஃபூசென், வீடு.

ஆம்ஸ்டர்டாம் டியூலிப்புக்கு மனசு அடித்துக்கொண்டால் அதைத் தனி வார இறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். கியூகென்ஹாஃப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை திறந்திருக்கும்.

இனி வண்டி. புது எஞ்சினை முதல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கி.மீ.க்கு விரட்டக் கூடாது. முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம், அதைவிட முக்கியம் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டவும் வேண்டாம். அதாவது ஆட்டோபான் என்கிற ஜெர்மன் நெடுஞ்சாலையில் நேராக ஆம்ஸ்டர்டாம் போவது, புது எஞ்சினுக்குச் செய்யக்கூடிய மோசமான காரியங்களில் ஒன்று. மார்ச் நடுவில் வண்டி வந்தால் நான்கு வார இறுதி இருக்கிறது. கருங்காட்டு (பிளாக் ஃபாரஸ்ட்) மலைச்சாலைகளில் ஏற்றி இறக்கி ஆயிரத்தை முடித்துவிடுங்கள். புது டயருக்கும் முதல் சில நூறு கி.மீ. பிடிப்பு குறைவு, பிரேக் பட்டையும் படிய வேண்டும். அந்த ஓட்டத்தில் இருக்கை உயரம் முதுகுக்கு ஒத்துவருகிறதா, லேன் உதவிக் கருவி எப்போது தொல்லை செய்கிறது, எல்லாம் தெரிந்துவிடும்.

டயரைப் பற்றி விற்பனையாளரிடம் இப்போதே கேளுங்கள். கோடை டயரோடு கொடுத்தால் ஏப்ரல் 10க்கு அது போதாது. ஆஸ்திரியாவில் ஏப்ரல் 15 வரை, பனி கிடந்தால் குளிர்கால டயர் கட்டாயம். ஜெர்மனியில் தேதி இல்லை, சாலையின் நிலைதான் கணக்கு. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் போட்ட குறி உள்ள நான்கு பருவ டயர் வாங்கிவிட்டால் வருஷம் முழுக்கத் தலைவலி இல்லை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பாருங்கள். புது வண்டிகள் பலவற்றில் கிடையாது, ஒரு பசைப்புட்டியும் காற்றடிப்பானும்தான் இருக்கும். பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது. அதனால் சாலை உதவி உள்ள சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள். வெளிநாட்டிலும் செல்லுபடியாகும் திட்டமாகப் பாருங்கள். முக்கோணம், முதலுதவிப் பெட்டி, ஒளிரும் மேல்சட்டை மூன்றும் வேண்டும். சட்டை டிக்கியில் அல்ல, கை எட்டும் இடத்தில்.

காகிதங்கள் சீக்கிரம் முடியும். நம்ம ஊரில் ஆர்.சி. ஒன்று, அங்கே பதிவுச் சான்று இரண்டு பாகம். பாகம் 1 வண்டியில், பாகம் 2 வீட்டில். கடனில் வாங்கியிருந்தால் அது வங்கியிடம் இருக்கும். பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை இரண்டும் கையில் இருக்கட்டும். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகள் என்றாலும் எல்லையில் நிறுத்திக் கேட்கிறார்கள். வெளிநாட்டிலும் காப்பீடு உண்டு என்று காட்டும் கிரீன் கார்டும் ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவமும் தலா ஒன்று எடுத்துவையுங்கள். அந்தப் படிவம் எல்லா மொழியிலும் ஒரே அமைப்பு, எண் பார்த்து நிரப்பலாம். இத்தாலியக்காரரும் நீங்களும் ஒரு வார்த்தை பேசாமலேயே முடித்துவிடலாம்.

சுங்கம் நாட்டுக்கு நாடு வேறு. நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான சுவிஸ் வில்லை 40 பிராங்க், வருஷத்துக்கு ஒன்றுதான், ஒரு நாள் போனாலும் அதே விலை. இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம். ஆஸ்திரியாவில் பத்து நாள் வில்லை இருக்கிறது. போகும்போது எல்லையிலிருந்து ஹோஹெனெம்ஸ் வரை அது தேவையில்லை, திரும்பும்போதுதான் வேண்டும். இத்தாலியில் நுழையும்போது சீட்டு, வெளியேறும்போது காசு. மஞ்சள் பலகை வரிசை தானியங்கிக் கருவி உள்ளவர்களுக்கு. தவறி நுழைந்துவிட்டால் பின்னால் எடுக்காதீர்கள், உதவிப் பொத்தானை அழுத்துங்கள், ஒரு ரசீது வரும், பதினைந்து நாளுக்குள் கட்டலாம். பெட்ரோல் பங்கில் "கசோலியோ" என்றிருப்பது டீசல். பேரைப் பார்த்துக் கையை வைத்துவிடாதீர்கள், உங்களுக்கு வேண்டியது "பென்சீனா". குழப்பமாக இருந்தால் குறியைப் பாருங்கள்: வட்டம் பெட்ரோல், சதுரம் டீசல். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் ஏற்பாட்டில் இல்லை. எல்லை தாண்டும் முன் போன் டேட்டாவை அணைத்து, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.

உரிமம் வாங்கி மூன்று வருஷம் ஆகாதவர்களுக்கு இத்தாலியின் ஆட்டோஸ்ட்ராடா என்கிற நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ.தான் வேகம், மற்றவர்களுக்கு 130. ஊரில் ஆறு வருஷம் ஓட்டியவன் என்ற வாதம் அங்கே எடுபடாது.

எல்லாவற்றையும்விட உங்கள் பணத்தைத் தின்னப்போவது இத்தாலிய நகரங்களின் மையப்பகுதித் தடைதான். வெள்ளை வட்டத்துக்குச் சிவப்பு விளிம்பு, கீழே "ஜோனா த்ராஃபிகோ லிமிதாதோ". உள்ளே போனால் கேமரா படம் எடுத்துவிடும், யாரும் தடுக்கமாட்டார்கள். டஸ்கனியில் ஒரு ஊரில் வழிகாட்டிக் கருவி சொல்கிறதே என்று நுழைந்தேன். தப்பு என்று தெரிந்ததும் வெளியே வர வழி தேடி மூன்று சுற்றுச் சுற்றினேன். எட்டு மாசம் கழித்து, மறந்தேபோன பிறகு, உல்ம் வீட்டுக்கு மூன்று தபால் வந்தது. சுற்றுக்கு ஒன்று. "வார்கோ அத்திவோ" என்று விளக்கெழுத்து எரிந்தால் வாயில் திறந்திருக்கிறது என்று பொருள் கொள்ளாதீர்கள். தடை அமலில் இருக்கிறது என்று பொருள். நானும் வாயில் திறந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். கோட்டைச் சுவருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். தங்கும் விடுதி உள்ளே இருந்தால் வண்டி எண்ணைப் பதிந்து தரச் சொல்லி முன்னாடியே கேளுங்கள். தரையில் வெள்ளைக் கோடு இலவசம், நீலம் காசு, மஞ்சள் உங்களுக்கில்லை.

தனியாக ஓட்டுவதில் அலுப்பு தெரியாமல் வரும். பக்கத்தில் பேச ஆள் இருந்தால் உங்கள் குரலே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், ஒரே ஊரில் குறைந்தது இரண்டு இரவு. இளைப்பாறும் இடத்தில் யாராவது வந்து உங்கள் டயரில் காற்றில்லை என்று கை காட்டினால், இறங்கும் முன் சாவியை எடுத்துக் கதவைப் பூட்டுங்கள். ஒருவன் டயரைக் காட்டுவான், இன்னொருவன் மறுபக்கக் கதவைத் திறப்பான். பின் இருக்கையில் பை தெரியக் கூடாது. சாப்பாட்டுக்கு ஒரு சின்ன ரைஸ் குக்கரும் பருப்புப் பொடியும் போதும். வீட்டிலிருந்து சீப்புச் சீடை அனுப்பினால் முன்பெட்டியில் வையுங்கள். அலுப்பு வருகிற மதியங்களில் காப்பியைவிட அதுதான் கண்ணைத் திறந்து வைக்கும், கடித்துக்கொண்டே இருக்க வேண்டுமே.

கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டிருந்தீர்கள்: பிள்ளையார்பட்டியில் பூசை போடாத வண்டியை எடுக்கக் கூடாது என்று ஆத்தா சொல்கிறார்களாம், என்ன செய்ய? வண்டிச் சாவியின் படத்தை அனுப்பி அர்ச்சனை செய்யச் சொல்லுங்கள். விற்பனையகத்து முற்றத்தில் நான்கு எலுமிச்சை வைத்து ஏற்றுங்கள். நானும் செய்தேன், விற்றவர் கேட்டதற்கு டயர் சோதனை என்றேன். பயணத்தில் தினம் ஐந்து மணிக்கு முன் வண்டியை நிறுத்திவிட்டு இருக்கும் இடத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஏப்ரலில் அங்கே ஐந்து என்றால் காரைக்குடியில் எட்டரை. அதற்கு மேல் போனால் ஆத்தா தூங்கமாட்டார்கள், அப்பச்சியையும் தூங்க விடமாட்டார்கள்.